கல்லின் அடிப்பக்கம்

செப்டம்பர். கொலராடோ மலைகளில் லீனோ ஆறு.
முதுகில் மின்கலப் பெட்டி, கையில் வலை,
மார்பு வரை ரப்பர் உடை.
காலை எட்டு மணிக்கே தண்ணீர் எலும்பைக் கேட்கிறது.

மூன்றாம் அலைக்கு மேலே நூறு மீட்டர்
நடந்து முடித்தாயிற்று.
ஸ்கல்பின்: நான்கு.
முதல் அலைக்குக் கீழே, நேற்று: இருநூற்றுப் பன்னிரண்டு.
படிவத்தில் எண் மட்டும் போதும்.
எழுதினேன்.

இந்த மீனுக்கு வயிற்றில் காற்றுப்பை கிடையாது.
மிதக்க வராது, துள்ள வராது.
ஒரு விரல் நீளம், தவளை முகம்.
கல்லுக்குக் கல் தத்தித் தத்தி
ஆற்றைத் தரையாக மட்டுமே அறிந்த பிராணி.
தூண்டில்காரர் எவரும் இதைத் தூக்கிப் பிடித்துப்
படம் எடுத்துக்கொண்டதில்லை.

பனி விலகும்போது ஆண் ஒரு கல்லைத் தேர்வான்.
பெண் தலைகீழாகப் புரண்டு
அந்தக் கல்லின் உட்கூரையில் முட்டைகளை ஒட்டிவிட்டுப்
போயே போய்விடுவாள்.
பிறகு வாரக்கணக்கில் அவன் வாசலில் கிடப்பான்,
பக்கத்துடுப்பால் விசிறிக்கொண்டு.
கேட்பது ஒன்றுதான்:
அடியில் கொஞ்சம் இடம் உள்ள கல்.

நான்கு வருஷத்துக்கு முன்
டெல்ஃபீனோ ஆர்ச்சுலேட்டா எக்ஸ்கவேட்டரை ஆற்றுக்குள் இறக்கினார்.
நல்ல கை. மூன்று டன் பாறையை
முட்டையை வைப்பதுபோல் வைப்பார்.
வெள்ளம் புரட்டிவிடாமலிருக்க
இடுக்கெல்லாம் சிமெண்ட் கலவை.
"இனி அசையாது" என்றார். அசையவில்லை.
அலை எழும்பியது, வெள்ளையாக, அழகாக.
அந்தப் பாறைகளுக்கு மேற்பக்கம் உண்டு,
பக்கவாட்டு உண்டு.
அடிப்பக்கம்தான் இல்லை.

அதற்கு முந்தைய அறிக்கையில் என் கையெழுத்து.
பக்கம் நாற்பத்தொன்று:
'குறிப்பிடத்தக்க பாதிப்பு எதிர்பார்க்கப்படவில்லை.'
அந்தச் செயப்பாட்டு வினைக்குள்
நான்தான் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன்.
டிரவுட் மீனுக்குக் கணக்குப் போட்டிருந்தேன்.
டிரவுட் துள்ளும். துள்ளி ஏறியும்விட்டது.

ஊரைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.
சுரங்கம் மூடியபின் பலகை அடித்துக் கிடந்த தெரு இது.
இன்று மார்லிஸின் ரொட்டிக்கடை வாசலில் வரிசை.
ஜூனில் கார்களின் தலையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு
டென்வரே வந்து இறங்குகிறது.
நானும் இறங்கியிருக்கிறேன்.
இரண்டாம் அலை என்னைத் தூக்கி, நிறுத்தி,
கன்னத்தில் ஒன்று விட்டு
வெளியே துப்பியபோது
நாற்பத்தாறு வயதில் கூச்சலிட்டுச் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பைப் படிவத்தில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வில்லோப் புதர்களை எடுத்துவிட்டுப்
பார்வையாளருக்குப் படிக்கட்டு கட்டினார்கள்.
மதியம் மூன்று மணிக்குத் தண்ணீரில் விழாமல் போன நிழலை
என் வெப்பமானி மட்டும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல். உருகல் தொடங்குமுன்
ஆறு மெலிந்து கிடக்கும் வாரம்.
இரண்டாம் அலையின் ஓரச் சுழலில்
கண்ணாடி அடிவாளியை அழுத்திக் குனிந்தேன்.
போன கோடையில் யாரோ தொலைத்த ஆரஞ்சு ஹெல்மெட்,
கவிழ்ந்து, பாதி மணலுக்குள்.
விளிம்பில் ஒரு தவளை முகம்.
உள்ளே, உச்சந்தலை இருக்கவேண்டிய இடத்தில்
ஊறிய ஜவ்வரிசிபோல் ஒரு கொத்து.

கரையில் நாயோடு டெல்ஃபீனோ.
"என்ன கிடைத்தது?"
பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன்:
"இடுக்குச் சிமெண்டை உடைக்க எத்தனை நாள் ஆகும்?"
அலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வைக்க ஆறு வாரம் ஆச்சு.
எடுக்க யார் காசு கொடுப்பார்?"
நாய் தண்ணீரை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது.

படிவத்தின் கடைசிக் கட்டம்: அகற்றிய குப்பை, கிலோவில்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
பொய்யான அறிக்கை, என் இரண்டாவது.

மே மாதம் வெள்ளம் வரும்.
முட்டை பொரிய இன்னும் பத்தொன்பது நாளோ இருபதோ.
ஹெல்மெட்டுக்கு யாரும்
சிமெண்ட் போடவில்லை.